பழைய ஐபேடை மாற்றலாமா? புரூஃப் பார்ப்பவளின் கணக்கு

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குவதற்குள் எல்லாப் பதிப்பாளர்களுக்கும் எல்லாப் புத்தகங்களும் அச்சாகி வந்தாக வேண்டும். அவர்களில் சிலருக்குத் திருச்சியிலிருந்து நான் புரூஃப் பார்த்துக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் தாள்கட்டு கூரியரில் வரும், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். 2021 கடைசியில் ஒன்பதாம் தலைமுறை ஐபேடும் முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலும் வாங்கினேன். அதன் பிறகு கூரியர் நின்றது. பிடிஎஃப் வரும், திரையிலேயே சுழித்து ஓரத்தில் எழுதி அனுப்பிவிடுவேன்.

அந்த ஐபேடுக்கு இப்போது வயதாகிவிட்டது. காலையில் முழுதாகச் சார்ஜ் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கேட்கிறது. 64 ஜிபி இடம் எப்போதும் விளிம்பில் நிற்கிறது. அக்கா மகன் போனில் பேசும்போதெல்லாம் இதே பாட்டுத்தான்: "சித்தி, ஏ16 சிப் போட்ட புது ஐபேட் வந்திருக்கு, முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். இன்னும் எத்தனை நாள் அதைக் கட்டிக்கிட்டு அழுவீங்க?" அவன் அக்கறையில்தான் சொல்கிறான். ஆனால் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு முப்பத்தைந்தாயிரம் என்பது யோசித்துச் செலவழிக்க வேண்டிய பணம். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னைப் போல எழுத்தோடு மல்லுக்கட்டும் வேறு யாருக்காவது உதவுமே என்று அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எந்த டேப்லெட் நல்லது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

புரூஃப் இரண்டு வகையாக வரும். ஒன்று, புதிய கைப்பிரதி. அதில் ஒரே பக்கம்தான் கண்முன் இருக்கும். இன்னொன்று, பழைய நூலின் மறுபதிப்பு. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். சிலருடைய நூல்களை அரசு அதற்கு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிடுகிறது. அந்த நூல்களை யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்யலாம் என்பதால் இந்த வகை வேலை நிறைய வருகிறது. பழைய பதிப்பின் ஸ்கேன் பெரும்பாலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைத்துவிடும். அதை ஒரு பக்கமும் புதிதாக வடிவமைத்த பக்கத்தை இன்னொரு பக்கமும் வைத்து வரி வரியாக ஒப்பிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். எழுதியவர் இன்று வந்து "இது நான் எழுதினதில்லையே" என்று கேட்க முடியாது. அவர் சார்பில் கேட்பதற்கு அந்த மேசையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

பிழைகளும் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பும் அளவில்தான் இருக்கும். ஸ்கேனிலிருந்து எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சாக மாற்றும் மென்பொருள்) மூலம் எடுத்த பிரதியில் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பிரதியில் 'கௌ' என்பது கொம்பு, 'க', 'ள' என்று மூன்று துண்டாக நிற்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு என்றால் 'னை', 'லை', 'றா' எல்லாம் பழைய வடிவில் இருக்கும், அங்கே எழுத்துணரி அடிக்கடி தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலே புள்ளி. பழைய அச்சில் மை சரியாக ஏறாமல் புள்ளி மறைந்திருக்கும். அந்த இடத்தில் அது 'க'வா 'க்'கா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பதில் ஏ13 சிப். 2019இல் ஐபோன் 11இல் வந்தது. அக்கா மகன் சொல்லும் ஐபேட் 2025 மார்ச்சில் வந்தது, அதில் ஏ16. வேகம் கூடுதல், நினைவகம் 3 ஜிபியிலிருந்து 6 ஜிபி, சேமிப்பு 128 ஜிபியில் தொடங்குகிறது, லைட்னிங் போய் யுஎஸ்பி-சி வந்துவிட்டது. அறிமுக விலை 34,900 ரூபாய். தாளில் பார்த்தால் மறுப்பே சொல்ல முடியாது.

ஆனால் நான் நாள் முழுக்கப் பார்ப்பது எழுத்தை. எழுத்தின் கூர்மை ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடினேன். மாறவில்லை. என் ஐபேடில் ஓர் அங்குலத்துக்கு 264 பிக்சல், ஏ16 ஐபேடிலும் 264, அதைவிட விலை கூடிய ஐபேட் ஏரிலும் 264, லட்ச ரூபாயைத் தொடும் ஐபேட் புரோவிலும் 264. 2012இல் முதல் ரெட்டினா ஐபேட் வந்தபோதும் இதே 264தான். சிறிய ஐபேட் மினியில் மட்டும் 326. ஆக, மறைந்துபோன ஒரு புள்ளியைத் தேடும் கண்ணுக்குப் புதிய ஐபேட் கூடுதலாக எதையும் காட்டப்போவதில்லை. இது தெரிந்தவுடனேயே பாதி ஆசை அடங்கிவிட்டது.

அடுத்தது பக்க அளவு. தமிழில் நிறைய நூல்கள் டெம்மி 1/8 அளவில்தான் வருகின்றன: ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். சென்டிமீட்டரில் 14க்கு 21.6. என் 10.2 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் 15.5க்கு 20.7. அதாவது ஒரு டெம்மி பக்கம் அதன் அசல் அளவில் 96 விழுக்காடாகத் திரையில் வந்து உட்காருகிறது. நான்கு வருடங்களாக இந்த ஐபேடில் கண் வலிக்காமல் வேலை ஓடியதற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. ஏ16இன் திரை சற்று நீளம். அதில் முழு அளவில் 100 விழுக்காடும் வரும். நான்கு விழுக்காடு அதிகம். அதற்காக முப்பத்தைந்தாயிரமா?

ஒப்பிடும் வேலையில்தான் நெருக்கடி. திரையைப் படுக்கவைத்து இடப்பக்கம் பழைய ஸ்கேன், வலப்பக்கம் புதிய பக்கம் என்று வைத்தால், ஒவ்வொன்றும் அசல் அளவில் 72 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆப்பின் மேல்பட்டை தின்பது போக இன்னும் கொஞ்சம் குறையும். 11 பாயின்ட் எழுத்து 8 பாயின்ட் ஆகிவிடும். எட்டு பாயின்டில் தமிழ் படிக்கலாம், புரூஃப் பார்க்க முடியாது. ஏ16இல் இது எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். 73.

13 அங்குல ஏருக்குப் போட்டுப் பார்த்தால் 91 வருகிறது. 11 பாயின்ட் 10 பாயின்டாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய புத்தகத்தில் இருப்பது போலவே பக்கத்தில் பக்கத்தில். இந்த எண்ணைப் பார்த்தபோது மனம் உண்மையிலேயே துள்ளியது. விலையைப் பார்த்ததும் அடங்கியது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. விற்பனை விளம்பரங்களில் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். அக்கா மகனும் சொல்லவில்லை. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி.

எங்களுக்கு வழக்கமாக வடிவமைப்புச் செய்துகொடுக்கும் தம்பி போன வருடம் ஒருநாள் போன் செய்தார். "அக்கா, எழுபத்திரண்டாம் பக்கத்துல 'பார்க்கக கூடாது'ன்னு இருக்குல்ல, அதுல நீங்க சுழிச்சிருக்கறது எந்த 'க'? நடு 'க' மேல நிக்குது எனக்கு." நான் சுழித்தது கடைசி 'க'வை. 'பார்க்கக்' என்று அங்கே ஒற்று மிக வேண்டும், புள்ளி விழுந்துபோயிருந்தது. அந்தச் சொல்லில் மூன்று ககரம் வரிசையாக நிற்கிறது, நான்காவது அடுத்த சொல்லில் காத்திருக்கிறது. பென்சில் முனை நான் நினைத்த எழுத்தின் மேல்தான் இருந்தது. கோடு மட்டும் சற்று இடப்பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது.

இதன் காரணம் எளிது. விலை குறைந்த ஐபேடில் மேல் கண்ணாடியும் அடியிலுள்ள திரையும் ஒட்டப்பட்டிருக்காது, நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். பென்சில் முனை கண்ணாடியின் மேல் நிற்கிறது, எழுத்து அதற்குக் கீழே கிடக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் பிரச்சினை இல்லை. மேசையில் படுக்கவைத்துச் சாய்ந்து பார்க்கும்போது இரண்டும் விலகித் தெரியும். அந்த விலகல் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். ஆனால் 11 பாயின்ட் எழுத்தில் புள்ளி அதைவிடச் சிறியது. பெரிதாக்கிக்கொண்டு எழுதினால் சரியாகிவிடும், நானும் அப்படித்தான் சமாளிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெரிதாக்கிச் சிறிதாக்கினால் வாசிப்பின் ஓட்டம் அறுந்துவிடும். ஓட்டம் அறுந்தால் பிழை தப்பும். படம் வரைபவர்களுக்கு இந்த இடைவெளி ஓர் உறுத்தல் என்றால், ஒற்றுக்கும் புள்ளிக்கும் காவல் இருப்பவர்களுக்கு இது வேலையையே தொடுகிற விஷயம்.

சரி, புதிய ஏ16இல் இந்த இடைவெளியை எடுத்துவிட்டார்களா? இல்லை. 2022இல் வந்த பத்தாம் தலைமுறையிலும் எடுக்கவில்லை, 2025இன் ஏ16இலும் எடுக்கவில்லை. ஒட்டிய திரை வேண்டுமென்றால் ஏருக்குப் போக வேண்டும். மினியிலும் உண்டு, ஆனால் 8.3 அங்குலத்தில் என் பக்கம் அடங்காது.

படித்ததை மட்டும் நம்பி முடிவெடுக்க மனம் வரவில்லை. கடையில் போய்ப் பார்த்தேன். அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் ஐபேடில் நம் கோப்பை ஏற்றிப் பார்ப்பது சிரமம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன், வேறு யாருக்கும் பயன்படலாம். பிரவுசரில் மின்னூலகத்தைத் திறந்து ஏதாவது ஒரு பழைய நூலின் பக்கத்தைத் திரைக்கு வரவழைக்கவும். பென்சிலைத் திரையின் கீழ் இடது மூலையிலிருந்து உள்நோக்கி இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன்மேல் எழுதவும் விடும். வேறெந்த ஆப்பும் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் மெய்யெழுத்துகளாகத் தேடி ஒவ்வொரு புள்ளியின் மேலும் பென்சிலால் இன்னொரு புள்ளி வைத்துப் பார்த்தேன். ஏ16இல் நிமிர்ந்து உட்கார்ந்து வைத்தால் சரியாக விழுந்தது, நாற்காலியில் சாய்ந்தவுடன் விலகியது. வீட்டில் இருப்பதில் எப்படியோ அப்படியே. ஏரில் சாய்ந்தாலும் கோணினாலும் புள்ளிமேல் புள்ளி. கடைக்காரப் பையன் பொறுமையாக நின்றான். என்ன செய்கிறேன் என்று கேட்டான். விளக்கியதும் அவனே குனிந்து 'ற்' மேல் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா மேடம், தள்ளித்தான் விழுது" என்றான்.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். ஏரின் கண்ணாடியில் எதிரொளி குறைக்கும் பூச்சு உண்டு, ஏ16இல் கிடையாது. கடையின் விளக்குகள் ஏ16இல் கோடு கோடாகத் தெரிந்தன, ஏரில் மங்கின. என் மேசைக்கு மேலே டியூப்லைட். ராத்திரி வேலையில் அதன் பிம்பம் வரிகளுக்குக் குறுக்கே கிடப்பது எனக்கு நன்றாகவே பழக்கம். காகிதம் போலச் சொரசொரப்பான மேலொட்டு ஒட்டினால் எதிரொளி போய்விடும் என்பார்கள். போகும்தான், ஆனால் எழுத்தின் விளிம்பு கசங்கித் தெரியும், பென்சில் முனையும் சீக்கிரம் தேயும். எனக்கு ஒத்துவராது.

இனி விலை. 2025இல் எம்3 சிப்போடு வந்த ஏரின் அறிமுக விலை 11 அங்குலம் 59,900, 13 அங்குலம் 79,900. என் பழைய பென்சில் ஏரில் வேலை செய்யாது. யுஎஸ்பி-சி பென்சில் 7,900. அதில் அழுத்தம் உணரும் வசதி இல்லை, எனக்கு அது தேவையும் இல்லை. சுழிக்க, அடிக்க, ஓரத்தில் எழுத இது போதும். பென்சில் புரோ 11,900, அது ஓவியர்களுக்கு. ஆக எனக்கு உண்மையில் வித்தியாசம் காட்டும் கூட்டணி 87,800 ரூபாய். நடுவில் இருக்கும் 11 அங்குல ஏர் இடைவெளியைத் தீர்க்கும், எதிரொளியைக் குறைக்கும், ஆனால் இரண்டு பக்கத்தை அருகருகே வைக்கும் பிரச்சினையை அப்படியே விட்டுவிடும். 67,800 கொடுத்துவிட்டு அந்தக் குறையோடு இருக்க மனமில்லை. புரோவைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கப்போவதில்லை.

சாம்சங்கும் பார்த்தேன். டேப் எஸ்10 எஃப்இ 10.9 அங்குலம், அறிமுக விலை 42,999, பேனா பெட்டியிலேயே வருகிறது, எழுத அதற்குச் சார்ஜும் வேண்டாம். மெமரி கார்டு போடலாம். புதிய கைப்பிரதி மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஏ16ஐவிட நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். நிமிர்த்திப் பிடித்தால் டெம்மி பக்கம் முழு அளவில் அடங்கி ஓரத்தில் இடமும் மிஞ்சும். ஆனால் திரை 16:10 என்பதால் படுக்கவைத்து இரண்டு பக்கம் போட்டால் உயரம் போதாமல் 68 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஒப்பிடுபவளுக்கு அது பின்னடைவு.

நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. 3 ஜிபி இப்போது பற்றவில்லை என்பது நிஜம். நானூறு பக்க வண்ண ஸ்கேன் சாதாரணமாக 200, 300 எம்பி இருக்கும். அதைத் திறந்து வைத்துவிட்டு அகராதி பார்க்கப் போய்த் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து ஏற்றுகிறது. ஏ16இல் இது குறையும். அந்த ஒரு விஷயத்தில் அக்கா மகன் சொல்வது சரி. யுஎஸ்பி-சி கிடைப்பதும் நல்லதுதான், பென்டிரைவை நேராகச் செருகலாம். ஆனால் எனக்குக் கோப்புகள் எல்லாம் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வருகின்றன.

ஏஐ வசதிகளுக்காக மாற்றச் சொல்பவர்களும் உண்டு. ஏ16 ஐபேடில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது, ஏரில் உண்டு. ஆனால் நான் இதை எழுதும்வரை அது ஆதரிக்கும் மொழிகளில் தமிழ் இல்லை. என் வேலை முழுக்கத் தமிழில் இருக்கும்போது அது எனக்குக் கணக்கிலேயே வராது. புதிய மென்பொருள் இதற்கு வராமல் போய்விடுமோ என்ற பயமும் இப்போதைக்கு இல்லை. 2025 செப்டம்பரில் வந்த இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26 என் பழைய ஐபேடிலும் ஓடுகிறது.

ஆக மிச்சம் இருப்பது பேட்டரி. 1,000 முழுச் சுற்று சார்ஜ் வரை 80 விழுக்காடு கொள்ளளவு நிற்கும் என்பதுதான் ஆப்பிள் ஐபேட் பேட்டரிக்குச் சொல்லும் கணக்கு. தினமும் பத்து மணி நேரம் ஓட்டினால் நான்கு வருடத்தில் அந்த எல்லை வந்துவிடும், குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 மே முதல் வந்த மாடல்களில் பேட்டரியின் நிலையும் சுற்று எண்ணிக்கையும் செட்டிங்ஸிலேயே தெரியும், என்னுடையதில் தெரியாது. சேவை மையத்தில் விசாரித்தேன். சொன்ன தொகை ஏ16 விலையில் பாதிகூட இல்லை.

முடிவு இதுதான். ஏ16 வாங்கவில்லை. என்னை உறுத்தும் மூன்று விஷயங்களில் ஒன்றைக்கூட அது தீர்க்கவில்லை: புள்ளி தள்ளி விழுவது, வரிகளுக்குக் குறுக்கே விளக்கு தெரிவது, இரண்டு பக்கம் அருகருகே அடங்காதது. பேட்டரியை மாற்றி இந்தப் பருவத்தை இதிலேயே ஓட்டப்போகிறேன். ஒப்பிடும் வேலைக்குப் பழைய ஸ்கேனை ஐபேடில் வைக்காமல் வீட்டிலுள்ள லேப்டாப்பில் திறந்து இடப்பக்கம் வைத்துக்கொள்கிறேன். ஐபேடில் புதிய பக்கம் மட்டும், 96 விழுக்காட்டில். நினைவகச் சுமையும் இறங்கிவிட்டது, முடிந்த வேலைகளை லேப்டாப்புக்கு மாற்றியதில் 64 ஜிபியில் இடமும் கிடைத்தது. இரண்டு திரைக்கும் நடுவே தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது, கழுத்து கொஞ்சம் பிடிக்கிறது. லேப்டாப்புக்கு அடியில் இரண்டு தடித்த அகராதிகளை வைத்து உயர்த்தியதும் பரவாயில்லை.

புத்தகக் காட்சி முடிந்து பதிப்பாளர்களிடமிருந்து பாக்கி வருவதற்கு எப்படியும் மார்ச் ஆகிவிடும். அப்போது 13 அங்குல ஏரைப் பற்றி மறுபடி யோசிப்பேன். பயன்படுத்தியதாகக் கிடைத்தாலும் சரி, 2024இன் எம்2 மாடல் போதும். திரையும் அளவும் அதில் இதேதான்.

திருத்தங்களைப் பென்சிலால் எழுதாமல் பிடிஎஃபில் குறிப்பாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு நான் சொன்ன இடைவெளிக் கதையே பொருந்தாது. அவர்களிடம் இருப்பது ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால், ஐபேட்ஓஎஸ் 26 அதற்கு வராது. அவர்கள் ஏ16க்குத் தாராளமாக மாறலாம், பழைய பென்சில் இருந்தால் ஒரு சிறிய அடாப்டர் மட்டும் சேர்த்து வாங்க வேண்டும். அக்கா மகனிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் இப்போது அவன் அம்மாவுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு அது நல்ல ஐபேட்.